ஆயுத பூஜையன்று நின்ற புளோயர்

1. சூடு

வளர்ப்பு அறையின் கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது.

நான் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மைன்ஸில் வேலை கிடைக்காததால் முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் இருந்த ஒரு சின்ன என்சைம் யூனிட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கோதுமைத் தவிட்டை நனைத்து, ஆவியில் அவித்து, ஆறியதும் பூஞ்சை விதை கலந்து டிரேக்களில் பரப்புவோம். பூஞ்சை வளர வளர பெக்டினேஸ் சுரக்கும். பழச்சாற்றைத் தெளிய வைக்கும் என்சைம் அது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூஞ்சை வளரும்போது தானே சூட்டைக் கிளப்பும். முப்பது டிகிரி பக்கத்தில் இருந்தால் நல்லபடியாகச் சுரக்கும். நாற்பதைத் தாண்டினால் சுரப்பு படுத்துவிடும். ஈரம் குறைந்தால் கறுப்பு வித்து கட்டிக்கொள்ளும், கூடினால் பாக்டீரியா புகுந்து நாறும். சூட்டை வெளியே தள்ளுகிற புளோயர் நிற்கவே கூடாது.

அன்று நின்றிருந்தது.

"தனபாலண்ணே, புளோயரை ஏன் நிறுத்துனீங்க?" எலக்ட்ரீஷியனிடம் கத்தினேன்.

"இன்னிக்கு ஆயுத பூஜைம்மா. எல்லா மோட்டாருக்கும் ரெஸ்ட்டு. மொதலாளி வந்து கற்பூரம் காட்டினப்புறம்தான ஓட்டணும்?"

முதலாளியின் கார் குள்ளஞ்சாவடியில் பஞ்சராகி நின்றது. புளோயருக்கு ரெஸ்ட் சரி, உள்ளே இருக்கிற பூஞ்சைக்கு யார் லீவு கொடுத்தது?

தவிட்டுக்குள் தெர்மாமீட்டரைச் செருகினேன். நாற்பத்து மூன்று. என்சைமின் வீரியம் போதவில்லை என்று ஏற்கெனவே இரண்டு பேட்ச் ரிஜெக்ட். "இதுலயும் ஆக்டிவிட்டி கம்மின்னா இனிமே ஆர்டர் கெடையாதும்மா" என்று ஜூஸ் கம்பெனிக்காரர் போனில் சொல்லியிருந்தார். எங்களுக்கு வேறு ஆர்டர் இல்லை. யூனிட்டை மூடிவிடுவார்கள்.

2. பொட்டு

தனபால் ஓடிப்போய் புளோயரைப் போட்டார். அது மட்டும் போதாது. வேகமாகக் காற்று விட்டால் மேலே காய்ந்துவிடும், அடியில் வெந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு டிரேயில் இருக்கிற தவிட்டையும் இரண்டு டிரேக்களுக்குப் பிரித்து மெல்லிசாகப் பரப்புவது ஒன்றுதான் வழி.

காலி டிரேக்களைப் பூஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு. பூஞ்சைக்கு மஞ்சள் ஆகாது.

"துடைங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. பேக்கிங் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெச்ச பொட்ட அழிக்கச் சொல்றீங்களேம்மா, அதுவும் இன்னிக்கு" என்றார் தனபால். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். டிரே என் கையில் இருந்தது. துணியை எடுக்க எனக்கே மனம் வரவில்லை.

ஓரமாக நின்ற அஞ்சலை முன்னால் வந்தார். தவிடு கலக்குகிறவர், கணவரை இழந்தவர். பூஜைச் சாமான் பக்கம் அன்று காலையிலிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"இப்டி குடுங்க. எங்க வூட்டுக்காரரு போனப்ப என் பொட்ட அழிச்சாங்க, யாரும் இப்டி யோசிச்சிகினு நிக்கல. இந்த வேலயும் போனா எம் புள்ளைங்களுக்குச் சோறு யாரு போடுறது?"

துணியை நனைத்து முதல் பொட்டை அழுத்தித் துடைத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் துடைத்தேன். பிறகு எல்லாரும் கை கொடுத்தார்கள்.

3. ரிசல்ட்

அறையின் உள்மூலை டிரேக்கள் தேறவில்லை. புளித்த வாடை வந்துவிட்டது, கொட்டினோம். மற்றவற்றில் சூடு மெதுவாக இறங்கியது. அறுவடைக்குப் பிறகு லேபில் ஆக்டிவிட்டி பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி கேட்ட அளவை மயிரிழையில் தாண்டியது. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஆயுத பூஜையில் டிரேக்களுக்குப் பொட்டு இல்லை. புளோயருக்கு மட்டும் உண்டு, அதுவும் ஓடுகிறபோதே, வெளிக்கூட்டில். குங்குமக் கிண்ணத்தைத் தனபால் கொண்டுவந்து அஞ்சலையிடம் நீட்டினார்.

"நானா?" என்றார் அஞ்சலை.

"நீதாம்மா வைக்கணும்."

அவர் பொட்டு வைக்கும்போது எல்லாரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. உள்ளே போய் டிரேயின் அடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் இன்றும் போகவில்லை. பூஞ்சையோடு வேலை செய்கிறவருக்கு அது போகவும் கூடாது.