வெளிச்சமடிக்க வெட்கம்

"உம்மா, இந்த வெளிச்சத்தக் கண்டா ஆரு வருவாங்க?"

என் மகள் இதைக் கேட்டு மாதங்கள் ஆகின்றன. அவளுக்கு வயது ஆறு. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை என்று வகுப்பில் அடிக்கடி சொல்பவள். அவளிடம் மட்டும், "எல்லாரும் வருவாங்க மகள்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த 'எல்லாரும்' யார் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விசயம் என் கணவரின் போட்டைப் பற்றியது. அவர் கல்முனையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறார். வாரம் முழுக்கக் கதிரையில் இருந்த உடம்புக்குக் கடல்காற்று வேண்டும் என்று அவரும் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து பழைய ஃபைபர் போட் ஒன்றை வாங்கினார்கள். அதற்கு நீல நிறம் பூசி, எஞ்சின் மாட்டி, சனிக்கிழமைகளில் பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். மீன் பிடிக்கப் போவதாகத்தான் பெயர். கொண்டுபோகிற சாப்பாட்டின் பாரம் கொண்டுவருகிற மீனில் ஒருநாளும் இருந்ததில்லை. ஞாயிறு காலையில் நான் வழக்கம்போல மீன் வாங்குவேன். அதைத் தானே பிடித்ததுபோல அவர் பக்கத்தில் நின்று தலை, வால் எல்லாம் பார்ப்பார்.

இது இப்படியே போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஒருநாள் சாப்பிடும்போது அவர், ஆகஸ்ட் லீவுக்கு மகளையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். மகள் அந்த நிமிடமே கதிரையில் ஏறி நின்றுவிட்டாள். என்னால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இரைச்சல் கேட்கும் தூரத்தில் கடல் இருக்கிறது. நான் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. என் பயத்தைப் பிள்ளைக்கும் கொடுக்கிறேனோ என்று ஒரு யோசனை. கொடுக்காமல் விட்டு ஏதாவது நடந்தால் என்று இன்னொரு யோசனை. அதோடு அந்த மாதங்களில் எங்கள் பக்கம் கச்சான் காற்று. அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றால் போட்டை வீட்டுப்பக்கம் தள்ளாது, அங்காலேதான் கொண்டுபோகும்.

எனவே நிபந்தனை போட்டேன். முதலில் உயிர்காப்பு அங்கி. அவர் மூன்று வாங்கி வந்தார். சின்னதை மகள் அன்றே போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தாள், சோறு தின்றாள், அதோடேயே படுக்கவும் போனாள். இரண்டாவது, ஆபத்து என்றால் கரைக்குத் தெரிவிக்க ஒரு வழி. ஃபோன் இருக்கிறதே என்றார். போன வருடம் ஒரு ஃபோனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்தான். கையில் பிடித்து எரிக்கிற தீ வெளிச்சங்களைப் பற்றியும் வாசித்தேன். பெற்றோல் கானும் பிள்ளையும் இருக்கிற போட்டில் நெருப்பா? அதை வாசித்ததும் பழைய பயத்தோடு புதுப் பயம் ஒன்றும் சேர்ந்தது.

கட்டாரில் வேலை செய்கிற என் தம்பிதான் லேசர் ஃப்ளேயரைப் பற்றிச் சொன்னான். அங்கே உல்லாசப் படகு வைத்திருக்கிறவர்கள் சிலர் கொண்டுபோகிறார்களாம். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தும் அனுப்பினான். பார்ப்பதற்கு டோர்ச் போலத்தான். ஆனால் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழாமல் விசிறிபோல விரிந்து நீளமான சிவப்புக் கோடாகப் போகிறது. அதனால் குறிபார்த்து அடிக்கத் தேவையில்லை. தொடுவானத்தின் மேல் மெல்ல அசைத்தால் தூரத்தில் இருக்கிறவருக்குச் சிவப்பாக மின்னும். எரிகிற வெளிச்சம் சீக்கிரம் அணைந்துவிடும். இது பற்றரி இருக்கும்வரை நிற்கும். பகலில் அவ்வளவு உதவாது. கிட்டத்தில் ஆருடைய கண்ணுக்கும் அடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. விளக்கப் புத்தகத்தை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் கேட்பதுபோல, சோதினை எப்ப என்று அவர் கேட்டார்.

சோதனையும் நடந்தது. ஒரு சனிக்கிழமை அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவர் கடலிலிருந்து அடிப்பது, நானும் மகளும் கரையில் நின்று பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். சூரியன் எங்களுக்கு வயல் பக்கம் விழுவதால் முதலில் இருட்டுவது கடல்தான். கரையில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருந்தார்கள். திடீரென்று தூரத்தில் சிவப்பாக ஒன்று கண்ணைத் திறந்து திறந்து மூடியது. எனக்குச் சோதனை என்று தெரிந்தும் பயம் வந்தது. பக்கத்தில் இருந்த பெண், எங்கேயோ வலீமாக் கலியாண விருந்து வீட்டு லேசர் என்று தன் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பொடியன் ஃபோன் டோர்ச்சைப் போட்டுக் கையசைத்தான். பிறகு இன்னொருவர், இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கரை முழுக்க டோர்ச்சுகள் ஆடின. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கரையில் இறங்கிய என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டயா புள்ள, ஊரே பதில் சொல்லிச்சு."

"கலியாண வெளிச்சமெண்டு நினைச்சுக் கைகாட்டினாங்க மச்சான். நீங்க தண்ணிக்குள்ள தாண்டு போனாலும் காட்டியிருப்பாங்க."

அவருக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் இருந்தால் போதாது, அதற்கு அர்த்தம் தெரிந்த ஆட்களும் கரையில் இருக்க வேண்டும். அன்றே எங்கள் தெருப் பெண்களின் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு தகவல் எழுதினேன். கடலில் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னினால் அது அலங்காரமல்ல, ஆபத்து, தயவுசெய்து போட் உள்ளவர்களுக்கு அறிவியுங்கள் என்று. 'தயவுசெய்து' கொஞ்சம் கெஞ்சுவதுபோல இருக்கிறதோ என்று எடுத்தேன். எடுத்தால் அதட்டுவதுபோல இருந்தது, திரும்பப் போட்டேன். மாஷா அல்லாஹ் என்று பலர் பதில் போட்டார்கள். ஒருவர் பச்சையிலும் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் தம்பியின் கலியாணத்துக்கு ஒருநாள் தரலாமா என்றார். பக்கத்து ஊரான பெரியநீலாவணையிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அண்ணனிடமும் நேரில் சொன்னேன். அவருக்குச் சொந்தமாகப் போட் இருக்கிறது. கண்டால் வருவோம் தங்கச்சி என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தகவலை ஒருவரும் கவனமாக வாசிக்கவில்லை என்று நான் நினைத்தது பிழை. சில வாரங்கள் கழித்து, அலை அடித்து நனைந்த ஃப்ளேயர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் அவர் கடலில் வைத்து அதை அடித்திருக்கிறார். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு நேரமில்லாத நேரத்தில் அது கரகரத்தால் எங்கள் ஊரில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுப்போம், பெரும்பாலும் யாராவது இறந்த மௌத்துச் செய்தியாகத்தான் இருக்கும். கடலில் ஒரு போட் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். மற்றக் கையில் அகப்பை இருந்ததைக் கரைக்குப் போன பிறகுதான் கண்டேன்.

பாதித் தெரு அங்கே நின்றது. அண்ணனின் போட் ஏற்கனவே போயிருந்தது. இருட்டுக்குள்ளிருந்து அது திரும்பி வந்தபோது பின்னால் கயிற்றில் எங்கள் நீலப் போட். நடுவில் என் கணவர், மடியில் பரோட்டாப் பார்சல். அவரும் கூட்டாளியும் நங்கூரம் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"எஞ்சின் நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி," என்றார் அண்ணன். "வந்த நாங்க சும்மா போறதோ எண்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்தன்."

அந்தக் கரையில் அன்று மிகச் சந்தோசப்பட்டவள் நான். நான் எழுதிய தகவல் வேலை செய்திருக்கிறது, ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அவருக்குத்தான் அதன்பிறகு நிம்மதி போயிற்று. தேத்தண்ணிக் கடைக்குப் போனால் ஃபோன் டோர்ச்சை அடிக்கிறார்களாம். அலுவலகத்தில் அவர் மேசையில் யாரோ சிவப்பு மின்குமிழ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்களாம். என் கூடப்பிறந்த ராத்தா சனிக்கிழமைதோறும் அழைப்பெடுத்தாள்.

"என்னகா, மாப்பிள்ள கரையிலயா, இல்லாட்டி ஆள் அனுப்பவா?"

அவர் ஃப்ளேயரை அலுமாரியில் என் பெருநாள் சாரிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். நான் ஒவ்வொரு சனியும் அதை எடுத்துப் போட்டில் போகும் பெட்டிக்குள் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. நல்ல மனிதர், நான் வைத்த பொருளை எடுத்து வெளியே போடமாட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு இஷாத் தொழுகை தாண்டித்தான் வந்தார். மீன் நன்றாகக் கடித்தது, அதுதான் சுணங்கிப்போச்சு என்றார். கூடையில் மீன் இல்லை. நான் கேட்கவில்லை. மறுநாள் கூட்டாளியின் மனைவி ஃபோனில் கதைக்கும்போது, எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள். எஞ்சின் விசிறியில் நைலோன் வலைத்துண்டு சுற்றி எஞ்சின் நின்றிருக்கிறது. கச்சான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஃபோனில் சிக்னல் இல்லை. இருட்டில் தட்டுத்தடவி வலையை வெட்டி எடுக்கும்போது கரை வெளிச்சங்கள் சின்னப் புள்ளிகளாகியிருந்தன.

சாப்பாட்டை வைத்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

"வெளிச்சம் கையில இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"அடிச்சீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பாப்பம், இன்னும் கொஞ்சம் பாப்பமெண்டு இருந்தம் புள்ள. மறுகாலும் அந்த அண்ணன் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தா நான் எப்பிடி ஊருக்குள்ள நடக்கிற?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். பற்றரி இறங்கினால், உப்புத்தண்ணீர் பட்டால், ஆட்கள் பிழையாக விளங்கிக்கொண்டால் என்று எல்லாவற்றுக்கும் பயந்து வழி செய்திருந்தேன். ஆபத்தில் இருக்கிற மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார் என்று அந்த விளக்கப் புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை.

மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் எண்டா உடனே அடிப்பன் வாப்பா. எனக்கு வெக்கமில்ல."

நாங்கள் இரண்டுபேரும் சிரித்துவிட்டோம். அவர் அதோடு மறந்துவிட்டார். எனக்கு அதிலிருந்து ஆரம்பித்தது புதுக் குழப்பம். அவள் சொன்னது சரிதானே? அந்தப் போட்டில் நேரத்துக்கு வெளிச்சம் அடிக்கக்கூடிய ஒரே ஆள், நான் ஏற்ற யோசிக்கிற அந்த ஆள்தான். ஆனால் அவள் கையில் அதைக் கொடுக்கவும் முடியாது. பக்கத்தில் இருந்து "அடிங்க வாப்பா" என்று நச்சரித்தால் அவர் அடிப்பாரோ? அதற்காக ஒரு பிள்ளையைக் கடலுக்கு அனுப்பலாமா? பிள்ளை கூட இருந்தால் வெட்கத்தை விட்டுவிடுவேன் என்று அவர் சத்தியம் செய்கிறார். நம்பத்தான் ஆசை. வெளிச்சத்தைப் பரிசோதிப்பதென்றால் இனிக் குழுவில் முன்கூட்டியே அறிவிப்போம் என்றேன். அப்படியென்றால் கலியாணம்போல ஊருக்குச் சாப்பாட்டுக்கும் சொல்லிவிடு என்கிறார்.

லீவு கிட்டி வருகிறது. மகள் அங்கியைப் போட்டுக்கொண்டு நாள்காட்டிக்கு முன்னால் நிற்கிறாள். அதனால் வாசிக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். கடலுக்குப் போகிற ஆண்களோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள். ஒருமுறையாவது கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட ஆண்கள் இருந்தால் நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு மனிதரைச் சிரிப்புக்குப் பயப்படாமல் உதவி கேட்க வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? அது தெரிந்தால் நான் பிள்ளையை ஏற்றுவதா, இல்லையா என்று முடிவெடுத்துவிடுவேன். என் கணவரும் இதை வாசிப்பார், கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள்.