தெருவுக்கே ஒரு நம்பர்

போன புதன்கிழமை. சிதம்பரம் கீழவீதியில் டீ கிளாஸைக் கையில் வாங்குகிறேன், செல்போன் அடிக்கிறது. தெரியாத நம்பர்.

"செல்வம்தானே?"

"இல்லைங்க. நான் அவரோட மச்சான்..."

"அப்ப பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணது யாரு? நீயா, அவரா?" பேசியது எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு. "இதே நம்பர்ல இன்னும் ரெண்டு ஃபைல் இருக்கு. நீ என்னா ஏஜென்ட்டா? சாயந்திரத்துக்குள்ள ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க."

டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

செல்வம் மாமா என் அக்காவின் கணவர். கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே கடலுக்குப் போகிறவர். துபாயில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை தயார் — மாசக் கடைசிக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டினால்! இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. அதில் ஏட்டு தாறுமாறாக ஒரு வரி எழுதிவிட்டால்...?

புரோக்கரிடம் போகாதீர்கள், ஆன்லைனிலேயே விண்ணப்பியுங்கள் என்று இந்தப் பத்தியில் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! எங்கள் தெருவில் செய்தும் காட்டினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் என்றாலே என்னைத்தான் தேடுவார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மாமாவையும் சேர்த்து மூன்று பேருக்கு விண்ணப்பித்தேன். மொபைல் நம்பர் கட்டம் வந்ததும் மூன்று பேரும் ஒரே பாட்டு. "உன் நம்பரையே போடு தம்பி. இங்கிலீஷ்ல மெசேஜ் வந்தா எங்களுக்கு என்னா புரியும்?"

போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையை நொந்துகொண்டே கடலூர் பஸ்ஸில் போனேன். மாமாவின் போன் சுவிட்ச் ஆஃப். கடலில் இருக்கிறாரா, கரண்ட் கட்டில் சார்ஜ் இல்லையா? புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் அக்கா போனை எடுத்தாள்.

"போட்டு இப்பதான் வந்துச்சி. மீனு எறக்குறாரு. என்னாடா ஆச்சி? பாஸ்போர்ட்டு இல்லன்னுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா. ஸ்டேஷனுக்கு அனுப்பி வை." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மீன் வாடையோடு ஸ்டேஷனில் வந்து நின்றார் மாமா. ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு எவ்ளோ வாங்குற?"

"சத்தியமா ஒண்ணும் வாங்கல சார். எல்லாரும் சொந்தக்காரங்க."

"எல்லா ஏஜென்ட்டும் இதைத்தான் சொல்றான்."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவனா சார் ஏஜென்ட்டு? பொழைக்கத் தெரியாத பய சார்! பிரவுசிங் சென்டருக்கே கைக்காசு போட்டவன். இவன் ஏஜென்ட்டா இருந்தா எம் பொண்டாட்டி கழுத்துல இந்நேரம் தம்பி போட்ட சங்கிலி தொங்குமே!"

ஏட்டு சிரித்துவிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் அவர் ஃபைலை மூடவில்லை.

"சரி, ஊர்லயும் விசாரிச்சிக்கறேன். உங்க சொந்த நம்பரைச் சொல்லுங்க."

மாமா மடியைத் தடவினார். செத்துக் கிடந்த போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் காதுப் பக்கம் சாய்ந்தார். "என் நம்பரு என்னா மச்சான்?"

ஏட்டின் பேனா அப்படியே நின்றது. வந்த பாதி உயிரும் போனது. என் போனில் தேடி எடுத்து நானே சொன்னேன்.

"இதையும் நீதான் சொல்லணுமா?" என்றபடி எழுதினார். நம்பருக்குக் கீழேயும் ஏதோ எழுதினார். என்ன எழுதினார்? தெரியாது. "போங்க, தகவல் வரும்."

புரோக்கரை ஒழிக்கக் கிளம்பியவன் நானே ஒரு புரோக்கர் ஆகியிருக்கிறேன். புரோக்கருக்குக் காசு, எனக்குப் பெருமை. வேறென்ன வித்தியாசம்?

நேற்று மாமாவை பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஃபைல் நம்பரை அவரையே அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். போலீஸ் அறிக்கை இன்னும் வரவில்லை என்றது திரை. மாசக் கடைசியோ நெருங்குகிறது...

"நாளைக்கும் பாக்கலாமா மச்சான்?"

"நீங்களே பாக்கலாம் மாமா."

ஆன்லைனில் விண்ணப்பியுங்கள், தயங்கவே வேண்டாம். ஆனால் அரசாங்கம் கூப்பிட்டால் உங்கள் போன் அடிக்கட்டும் — உங்கள் மச்சானுடையது அல்ல!