பை வைக்கிற கடை

பிள்ளைகளே, நீங்கள் பஸ்ஸில் ஏறினால் நானாட்டான் பக்கத்துப் பெண்கள் நெருங்கியிருந்து உங்களுக்கு இடம் விடுகிறார்கள். ஒருவர் உங்கள் புத்தகப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து, "அப்பா, அவ ஆர்?" என்று என்னைக் கேட்கிறீர்கள். எனக்கும் அவர்களில் பாதிப் பேரின் பெயர் தெரியாது. முகம் தெரியும், அவர்கள் கொண்டு வருகிற பை தெரியும். நாங்கள் இன்றைக்கும் மன்னார்ப் பட்டணத்தில் கடை வைத்துச் சாப்பிடுகிறோம் என்றால் அது அவர்களால்தான். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நான் படித்தது கொஞ்சம். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து தங்கள் ஊர்களுக்குத் திரும்பிய காலத்தில்தான் நானும் உங்கள் அம்மாவும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இந்தக் கடையை வாடகைக்கு எடுத்தோம். சட்டி, பானை, வாளி, பாய், விளக்குமாறு. அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த நேரம் அதுவே போதுமாயிருந்தது. தறப்பாள் விரிப்பைக் கூரையாகப் போட்ட கொட்டிலுக்குப் போகிறவர்களுக்கும் முதலில் வேண்டியது சோறு காய்ச்ச ஒரு பானைதானே. நறுவிலிக்குளத்தில் இருந்தும் நானாட்டானில் இருந்தும் வந்தார்கள், கரையோரத்துக் கிராமங்களில் இருந்தும் வந்தார்கள். பானையைத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். அவர்கள் பானை வாங்கித்தான் எங்கள் வீட்டுப் பானையும் கொதித்தது.

பட்டணத்துக்கு வருகிறவர்கள் ஒரு வேலைக்கு மட்டும் வருவதில்லை. காலையில் பஸ்ஸால் இறங்கினால் அரசாங்க அலுவலுக்குக் கச்சேரி, பிறகு வங்கி, ஆஸ்பத்திரி, சந்தை என்று சுற்ற வேண்டும். வாங்கின சாமானைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் அலைய முடியுமா? முதலில் ஒருவர் வாங்கிய பானையை எங்களிடமே வைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை ஒன்றும் வாங்காமலே பையை வைத்துவிட்டுப் போனார். பிறகு அவருடைய அயலவர்கள் வந்தார்கள். நாங்கள் துண்டு எழுதிக் கொடுத்ததில்லை. கடையின் பின்பக்கம் நிலத்தில் வைப்பார்கள், பின்னேரம் வந்து தங்கள் பையைத் தாங்களே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் உள்ளே இருந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பைகளுக்கு நடுவில் இருந்துதான் சோறு தின்றீர்கள்.

தார் ஊற்றிக் காப்பெற் றோட்டுப் போட்டு, வீட்டுத் திட்டங்களும் வந்த பிறகு, பட்டணம் இருக்கிற தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாலத்துக்கு அங்கால், பெருநிலப் பக்கத்தில் வெறுங்காணியாகக் கிடந்த இடத்தில் அந்தப் பெரிய கடை வந்தது. வாகனம் விடப் பெரிய முற்றம், குளிரூட்டின மண்டபம், அரிசியில் இருந்து அலுமாரி வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே. ஊரே பார்க்கப் போனது. நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூத்தவன் தள்ளுவண்டிலுக்குள் சின்னவளை இருத்தி ஓட்டினான். அந்தக் கடையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பெடியள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. சவுக்காரமும் மாவும் நானும் அங்கே வாங்கியிருக்கிறேன்.

அம்மா பானை அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். எங்களிடம் இருக்கிற அதே பானை. ஒன்றைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார். மொத்த வியாபாரி எங்களுக்குத் தருகிற விலையை விட அது குறைவு. அம்மா பானையை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு, "வாங்கோ, பிள்ளையளுக்கு ஐஸ்கிறீம் வாங்குவம்" என்றார்.

பெருநிலப் பக்கத்துச் சனம் பாலம் தாண்டாமலே சாமான் வாங்கப் பழகியது. பட்டணத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. தேத்தண்ணிக் கடைக்காரர் வடை சுடுவதை விட்டுவிட்டார். எங்களுக்குப் பக்கத்துக் கடை புடைவைக் கடை, மறிச்சுக்கட்டி ஊரைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன் ஒருவருடையது; நானா என்றுதான் கூப்பிடுவோம். நானா இருபது வருசத்துக்கு மேல் வெளியூரில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடை திறந்த அன்று எனக்குக் கதிரை இரவல் தந்தவர். அவர் ஒருநாள் வந்து, மாதக் கடைசியோடு கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வீட்டு விறாந்தையில் சின்னதாக ஏதும் போடப் போவதாகச் சொன்னார். காட்டுக்கரை ஊரில் யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "மயில் வாங்கும் தம்பி. அதுக்கும் தோகை பழசாகும்தானே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் தன் கடைக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு இன்னொரு வேடிக்கை நடந்தது. பெண்கள் பை வைக்க வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வருகிற வழியில் பெரிய கடையில் இறங்கிச் சாமான் வாங்கி, அடுத்த பஸ்ஸில் பட்டணம் வந்து, அந்தக் கடையின் பெயர் போட்ட பைகளை எங்கள் கடையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போனார்கள். பின்பக்கம் முழுக்க அந்தப் பைகள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நாங்கள் கடையோ நடத்திறம், அவையின்ர களஞ்சியமோ?"

வழக்கமாக வருகிற நானாட்டான் அக்கா ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். வாய் நீளமான மனுசி. "ஏன் தங்கச்சி கோவிக்கிறாய்? உன்ர புருசன் வித்த பானை ஒரு நெளிவில்லாமல் கிடக்கு. உடைஞ்சால்தானே புதுசு வாங்கலாம். கொஞ்சம் கூடாத பானையா வித்திருக்கலாமெல்லோ?" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டார். பை அங்கேதான் கிடந்தது.

கடைச் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆவணி மடு மாதா கோயில் திருவிழா முடிவதற்குள், கடையைத் தொடர்ந்து வைத்திருப்போமா விடுவோமா என்று சொல்லச் சொன்னார். நான் விடுவதாகத்தான் முடிவெடுத்தேன். பெரிய கடையில் வாசல் காவலுக்கு ஆள் தேடினார்கள். போய்க் கேட்டேன், சரியென்றார்கள். உள்ளே போகிறவர்களின் பையை வாங்கி வைத்து இலக்கம் கொடுக்கிற வேலை. அம்மாவிடம் சொன்னபோது தலையை நிமிர்த்தாமலே, "இஞ்ச சும்மா பாக்கிற பையை அங்க சம்பளத்துக்குப் பாக்கப் போறீங்கள்" என்றார். பகிடிதான். ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் கடையை அம்மா தன் தாலிக்கொடியைக் கழற்றித் தந்தபடியால்தான் தொடங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அதே கிழமை அந்த நானாட்டான் அக்கா தன் புருசனைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். வழமைபோல் பெரிய கடைப் பையை எங்களிடம் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் போல மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தங்கச்சி, அவரை மறிச்சுப்போட்டாங்கள். வாட்டில விடவேணுமாம்."

பையை இழுத்து நிலத்தில் கவிழ்த்தார். விலை கழித்துப் போட்டபோது வாங்கிய சோறு காய்ச்சும் மின்சாரப் பானை, விசுக்கோத்து, சாமிப் படத்துக்கு வைக்கிற பிளாஸ்டிக் பூ. அதைப் பார்த்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். "இதுக்குள்ளயோ அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது?" என்றார். பகிடி சொல்கிற வாய்தான், அன்று அது பகிடியாக வரவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு ஆளைத் தங்க விட்டால் என்னென்ன வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். சுடுதண்ணிப் போத்தல், கோப்பை, குவளை, கரண்டி, துவாய், விரிக்க ஒரு துணி, கூட நிற்கிறவருக்குப் பாய். ஊருக்குப் போய் எடுத்துவர அடுத்த பஸ் எப்போது? பாலம் தாண்டிப் பெரிய கடைக்குப் போய் வர நேரம் எங்கே?

அம்மா உள்ளே போனார். எங்கள் தேத்தண்ணி இருந்த சுடுதண்ணிப் போத்தலை வெறுமையாக்கிக் கழுவி, தேத்தண்ணிக் கடையில் கொதிதண்ணி வாங்கி ஊற்றினார். நீங்கள் சோறு தின்கிற கோப்பையையும் குவளையையும் எடுத்தார். விற்க வைத்திருந்த பாயில் ஒன்றை உருவினார். சின்னவள் மத்தியானத்தில் தலை வைத்துப் படுக்கிற தலகணியையும் எடுத்தார். மகளே, நீ அதற்கு அழுத அழுகை தெருவுக்குக் கேட்டது. எல்லாவற்றையும் உடுப்புத் தோய்க்கிற ஒரு பிளாஸ்டிக் தாழியில் அடுக்கி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா ஓடினார்.

இது அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த நாள் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து வாசலில் நின்றார். கடலால் நேரே வந்தவர் போல இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் உப்புக் காய்ந்திருந்தது.

"இஞ்சதானே வாட்டுச் சாமான் குடுக்கிறது?" என்றார்.

அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வாட்டில் ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு அக்கா தன்னை அனுப்பியதாக அவர் சொன்னார். தாயைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாராம், கையில் ஒன்றும் இல்லையாம். எனக்கு முன்னால் அம்மா எழும்பிவிட்டார். "ஓம், இஞ்சதான். இருங்கோ" என்றார்.

பின்னேரம் இன்னொருவர். மறுநாள் ஒரு தாயும் மகளும். அக்கா அந்த வாட்டில் நின்ற நாள் முழுக்க, புதிதாக வருகிற எல்லாருக்கும் எங்கள் கடையைச் சொல்லியிருக்கிறார். குவளை எங்கே வாங்கலாம் என்று ஒருவர் கேட்கும் முன்னமே சொல்லிவிடுவாராம். அவர் தன்னுடைய கஷ்டத்துக்குள் நின்றுகொண்டு எங்களுக்கு ஆள் அனுப்பியதை என்னால் எந்த நாளும் மறக்க முடியாது.

அம்மாவுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. தாழி ஒவ்வொன்றிலும் ஆளுக்குத் தேவையானதை முன்கூட்டியே அடுக்கி வைத்தால் வந்தவுடன் தூக்கிக் கொடுக்கலாம். ஆனால் துவாயும் விரிப்பும் சாரமும் எங்களிடம் இல்லை. வாங்கிப் போடக் கையில் காசும் இல்லை. பக்கத்தில் நானா சாமான் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா போய் விசயத்தைச் சொன்னார். நானா கட்டின மூட்டை இரண்டைத் திரும்ப அவிழ்த்தார்.

"வித்தால் தாங்கோ. விக்காட்டிக் கிடக்கட்டும். இதைக் கொண்டுபோய் நான் மயிலுக்கே உடுத்திறது?"

அந்தத் துணிகள் விற்று முடிந்து, நான் மறிச்சுக்கட்டிக்குப் போய் அவருக்குரியதைக் கொடுத்தபோது அவர் எனக்குச் சாப்பாடு தராமல் அனுப்பவில்லை. அவருடைய கடை திரும்பத் திறக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். எங்களுக்கு வந்த வழி அவருக்கு வரவில்லை. அவருடைய துணியில்தான் எங்கள் வழி திறந்தது.

அக்காவின் புருசனுக்குத் ஆஸ்பத்திரித் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று, அவர் தாழியை அப்படியே கொண்டுவந்தார். சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தால் உள்ளே பனங்கற்கண்டு. வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். தலகணி உறையைத் தோய்த்து மடித்திருந்தார். காசு கொடுக்க முடியாதவர்களுக்குத் தாழியை இரவலாகவும் கொடுக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் துணிந்தோம். பெரும்பாலும் எல்லாம் திரும்பி வரும். ஆள் திரும்பாத வீட்டிலிருந்தும் தாழி திரும்பி வந்திருக்கிறது. அப்படி வருகிற நாளில் அம்மா அவர்களை இருத்திக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுத்தான் விடுவார்.

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. மற்றவர்களின் நோய் வருத்தத்தில் நாங்கள் சீவிக்கிறோமோ என்று. இதற்கு நன்றி சொல்லிச் செபிப்பது சரியா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நாங்களே அவைக்கு வருத்தம் குடுத்தனாங்கள்? தாழிதானே குடுத்தனாங்கள். பேசாமல் செபியுங்கோ" என்றார்.

நான் செபித்தேன். இப்போதும் செபிக்கிறேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் கடைச் சொந்தக்காரர் வந்தார். கடையை வைத்திருக்கிறோம் என்று அம்மாதான் சொன்னார். நான் பெரிய கடைக்குப் போய், வேலைக்கு வரவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாங்கள் பணக்காரராகவில்லை. மழைக்காலத்தில் இப்போதும் கை கடிக்கும். ஆனால் நீங்கள் படிக்கிறீர்கள், கடை திறந்திருக்கிறது. அந்தப் பெண்கள் பஸ்ஸில் உங்களுக்கு இடம் விட்டால், மறுக்காமல் இருங்கள். அவர்களில் யாராவது நின்றால் நீங்கள் எழும்புங்கள்.

திருவிழா முடிந்த அடுத்த நாள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மடுவிலேயே இன்னும் ஒருநாள் நின்றார். நான் மட்டும் திரும்பி வந்து கடையைத் திறந்தேன். தெருவில் ஆள் இல்லை. கடையின் முன்பக்கத்தில், வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், பளபளப்பான பானைகளை அடுக்கியிருந்தேன். அவற்றை எல்லாம் இறக்கிப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். முன்பக்கத்தில், வருகிறவர்கள் பை வைக்க, இடுப்பளவு உயரத்தில் நீளமாக ஒரு பலகை அடித்தேன். அடித்து முடிந்து ஒரு அரிசிப் பையை அதில் தூக்கி வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். குனிய வேண்டியிருக்கவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு வெறுமையாக விட்டேன்.