பெட்டிக்குள் இருந்த என் குரல்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் கடலை போடும் பதினோரு வீடுகளுக்கு ஒரு காலத்தில் நான்தான் கரண்ட் வந்த சேதி சொல்லிக்கொண்டிருந்தேன். வயலில் த்ரீ ஃபேஸ் வந்தவுடன் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி அந்தந்த வீட்டுக்காரருக்குப் போன் போடும். எடுத்தால் என் குரல் கேட்கும். பிறகு அவர்கள் அந்தப் பெட்டிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இரண்டு கொடுத்தால் நிற்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பின்னாலேயே எரிச்சலும் வருகிறது.

சென்னையில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வேலையில் இருந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு வீட்டிலிருந்தே அதைச் செய்தேன். என் மாமனார் என்னோடு பேசமாட்டார். கோபமெல்லாம் இல்லை, மருமகளிடம் நேருக்கு நேர் பேசாமலிருப்பதுதான் அவருக்கு மரியாதை. நான் பக்கத்திலேயே நின்றாலும் அத்தையைப் பார்த்து, "அந்தப் புள்ளயச் சாப்புடச் சொல்லு" என்பார். நானும் அத்தையைப் பார்த்து, "மாமா சாப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்பேன். அரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும். மூன்று வருஷம் இப்படி ஓட்டினேன் என்பதை என்னைப் பெற்றவளே நம்பவில்லை.

எங்கள் போர்வெல் வீட்டிலிருந்து ரொம்பத் தள்ளி, முந்திரிக்காட்டைத் தாண்டி இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாமா போய் மோட்டார் ரூம் வாசலில் காத்துக்கிடப்பார். அதனால்தான் அந்தப் பெட்டியை வாங்க வைத்தேன். வெளியார் எழுதும் நிரலையும் அதில் சேர்க்கலாம் என்று கம்பெனிக்காரன் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தான். எங்களைப் போல எழுதுகிறவர்களுக்கென்று கம்பெனி ஒரு தளம்கூட வைத்திருந்தது. காலையில் சந்தேகம் கேட்டால் சாயங்காலம் பதில் வரும். 'நீங்களெல்லாம் நம் குடும்பம்' என்பான். மண்ணாங்கட்டிக் குடும்பம்.

மிஸ்டு கால் ஏற்பாட்டை எழுதி முடித்து, என் குரலிலேயே "கரண்டு வந்துருச்சு" என்று பதிந்தேன். கேட்டால் மொட்டையாக இருந்தது. முன்னால் 'மாமா' என்று சேர்த்தேன். மறுநாள் காலை, மாமா வாசலில் வேப்பங்குச்சியோடு நிற்கும்போது அவருடைய பட்டன் போன் அடித்தது. "மாமா, கரண்டு வந்துருச்சு" என்று நான் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சரிம்மா" என்றார் அவர். கையில் கரண்டியோடு நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கென்று அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

பதிந்து வைத்த குரல் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். ஒருநாள், "இப்பத்தாம்மா மழ பேஞ்சிருக்கு, இன்னைக்கி வேணாம்" என்று விளக்கமே கொடுத்தார். டீக்கடையில் போய், "எம் மருமவ எழுதுனதாக்கும்" என்று அளந்திருக்கிறார். ஒவ்வொருவராக அதே பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரையும் மாமா என்று கூப்பிட முடியுமா? ஒருவருக்குச் சித்தப்பா, ஒருவருக்குப் பெரியப்பா என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பதிந்து கொடுத்தேன். கடைத்தெருவில் முந்திரி வியாபாரம் செய்யும் ராவுத்தர், "எனக்கு அண்ணேன்னே சொல்லிரு தங்கச்சி" என்றார். இந்த ஊருக்கே சொந்தக்காரியாகிவிட்டேன்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பாதுகாப்புக்காகப் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் ஏற்றாத பெட்டி வேலை செய்யாது என்றிருந்தது. நல்லவேளை, எங்கள் பெட்டியில் மட்டும் முதலில் போட்டுப் பார்த்தேன். மோட்டார் ரூமில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் குந்தியிருந்ததை மாமா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றி முடித்தால் என் நிரல் இல்லை. மிஸ்டு கால் இல்லை. குரல் இல்லை. இனி எல்லாம் அவர்களுடைய ஆப் வழியாகத்தானாம், அதற்கு வருஷா வருஷம் சந்தாவாம். பட்டன் போனில் எங்கே போய் ஆப் போடுவது? பெட்டி வாங்கும்போதே விலைக்குள் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அதையே நமக்கு வாடகைக்கு விடுகிறான் படுபாவி. மூன்று மெயில் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மூன்று தடவையும் ஒரே பதில். எங்களுக்கான தளத்தையும் இழுத்துப் பூட்டிவிட்டான்.

மாமாவிடம் யார் சொல்வது? அத்தை, தன் மகளின் பிரசவத்துக்குத் திருமயம் போயிருந்தார். என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் வேலை முடிந்து வருவதற்குள் மாமா படுத்துவிடுவார். இரண்டு நாளில் எப்படியாவது பழையபடி ஆக்கிவிடலாம் என்ற திமிரும் எனக்கு இருந்தது. மாமா பழையபடி விடிந்ததும் வயலுக்கு நடந்தார். நான் மூடிவைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டில் பாதி அப்படியே கிடந்தது. காட்டு வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் பேசுறியேம்மா. எனக்கு மட்டும் எதுக்கு நிறுத்திப்புட்ட?"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அன்னைக்கிக் கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு பாதியில எந்திரிச்சேனே, அதுக்கா? மோட்டார் ரூம்ல நீ ஒக்காந்து எடுத்துக்கிட்டிருந்தப்பவே நெனச்சேன்."

அட கடவுளே! என் குரலை நானே கோபத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நாலு நாளாக மனதுக்குள் போட்டுப் புழுங்கியிருக்கிறார் மனிதர்.

"நான் நிறுத்தல மாமா," என்றேன். "கம்பெனிக்காரன் எடுத்துட்டான். என்னயக் கேக்காமலே எடுத்துட்டான். மாசக் கடைசியில எல்லா வீட்டுலயும் நின்னுரும்."

"காசு குடுத்தது நான், பேசுனது நீ. நடுவுல எடுக்குறதுக்கு அவன் யாரு?"

"தெரியல மாமா."

தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அவன் கெடக்கான். நீ நிறுத்தலயில்ல?"

"சத்தியமா இல்ல மாமா."

அடுப்படி வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"சோறு போடும்மா. நாலு நாளாப் பசிக்குது."