பழுத்தும் சிவக்காத தக்காளி

வீட்டுத் தோட்டத்தில் எந்தத் தக்காளி வைக்கலாம் என்று கேட்டால் ருசியைச் சொல்வார்கள், விளைச்சலைச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். எது எங்கள் வீட்டுக்காரம்மாவின் கண்ணில் படாது?

எண்பதுகளில் விழுப்புரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். முன்பக்கம் வீட்டுக்காரம்மா, பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையுமாக நானும் என் மனைவியும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த நாட்டுத் தக்காளிச் செடி காய்க்க ஆரம்பித்திருந்தது. காலையில் நாங்கள் கதவைத் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா ஒரு சுற்று வந்து, சிவந்ததையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். குடியிருப்பவன் என்ன பேச முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மனைவிக்கு மூன்றாம் மாதம். சோற்றைக் கண்டாலே குமட்டும். பாதி சிவந்த தக்காளியைச் செடியிலிருந்து பறித்த கையோடு உப்புத் தொட்டுத் தின்றால் மட்டும் வயிற்றில் தங்கும். மார்க்கெட்டில் வாங்கி வந்தால் கூடை வாசனை அடிக்கிறது என்று தள்ளிவிடுவாள். ஒரு பழத்தை இலைக்கடியில் தள்ளி இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் உள்ளங்கையில் உப்போடு போனாள். வெறும் காம்புதான் இருந்தது.

நேராக முன்பக்கம் போய்க் கேட்டேன்.

“ஆமா தம்பி, நான்தான் பறிச்சேன். ரசத்துக்கு ஒண்ணு கொறைஞ்சுது. எங்க மண்ணு, எங்க கெணத்துத் தண்ணி. ஒரு தக்காளிக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கிக்கினு வர்றே?”

மாசமாக இருப்பவள் ஆசைப்பட்ட பழம் அது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி வந்து அந்தச் செடியை வேரோடு பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். இனிமேல் ஒரு பழம் உனக்குக் கிடைக்காதடி என்று அவள் காதில் விழும்படியே சொன்னேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் திருப்திதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ரகம் தேடினேன். பெங்களூர்த் தக்காளி வைக்கலாம் என்றார் விதைக் கடைக்காரர். அது குண்டு குண்டாகத் தெருக்கோடிக்குத் தெரியும், வேண்டாம். இன்னொன்று எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்குமாம். அவளுக்கு ஒரே நடையில் வேலை முடிந்துவிடும், அதுவும் வேண்டாம். சுண்டைக்காய் அளவில் ஒன்று இருந்தது. இலைக்குள் ஒளிந்துகொள்ளும் என்றாலும், அவள் கண்ணை நான் அறிவேன்.

என் ஆபீசில் இரும்பை என்ற கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார்.

“எங்க ஊருப் பக்கம் வந்து குடியேறின வெள்ளக்காரங்க தோட்டத்துல ஒரு தக்காளி கீது சார். பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும். அமுக்கிப் பார்த்தாதான் தெரியும். ஆனா காய்க்கிறதுக்கு ரொம்ப நாளாவும்.”

“எவ்ளோ நாளானாலும் பரவால்ல, வெத கொண்டாங்க” என்றேன்.

விதை வந்தது. நாற்று விட்டேன், பிரித்து நட்டேன், சாம்பல் தூவினேன். ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செடியிடம் போவேன். என் மனைவி நெல்லிக்காயும் மோருமாக அந்த மாதங்களை ஓட்டினாள். வளைகாப்பு முடிந்ததும் மாமியார் அவளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார். அடுத்த வாரமே முதல் பழம் பழுத்தது.

ஆஹா, அந்த நாட்கள்! வீட்டுக்காரம்மா விடிந்ததும் வருவாள். ஒவ்வொரு காயாகப் பார்ப்பாள். வெறும் முந்தானையோடு திரும்புவாள். ஜன்னல் இடுக்கு வழியாக அதைப் பார்க்கும்போது கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

“இன்னா தம்பி, இது எப்பத்தான் செவக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“இன்னும் நாளாவும்ங்கம்மா” என்றேன், வாய் நிறையத் தக்காளியை வைத்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறையப் பறித்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். “இன்னா மாப்பிள்ளை, அத்தனையும் காயாக் கீதே?” என்றார் மாமியார். ஒன்றை அரிந்து காட்டினேன். வீட்டுக்காரம்மாவை ஏமாற்றிய கதையை நடித்தே காட்டினேன். மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவிக்கு ஒரு துண்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எனக்கு இப்ப அந்த ஆசையெல்லாம் போயிடுச்சுங்க” என்றாள். பையைப் பார்த்துக்கொண்டே, “அந்தம்மா செவந்தத மட்டுந்தான் எடுத்துக்கினு போனாங்க. நீங்க பிடுங்கிப் போட்ட செடியில பதினாலு காய் இருந்துச்சு. தெனம் எண்ணிப் பார்த்துக்கினு இருந்தேன்” என்றாள்.

மாமியார் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு பஸ் ஏறினேன். விழுப்புரம் வந்து சேரும்வரை வீட்டுக்காரம்மாவைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். வேறு யாரைத் திட்ட?