என் பெயரில் இருந்த இணைப்பு

வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் போடாமல் வைத்திருந்தது தப்பு என்று இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. என் தப்பு வேறு.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டு போர்வெல்லில் மட்டும் கோடையிலும் தண்ணீர் உண்டு. அதனால் சுற்றுச்சுவரைத் துளைத்துத் தெருப்பக்கம் ஒரு குழாய் விட்டிருக்கிறேன். காலையில் மோட்டார் போட்டால் அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்துவிடுவார்கள். வைஃபை மாட்ட வந்தவர் கடவுச்சொல் கேட்டபோது அந்தக் குழாயைக் காட்டி, "அதுக்கு என்ன பூட்டோ, அதுதான் இதுக்கும்" என்றேன்.

"தெருவே உங்க லைன்ல தொங்கும் சார்."

"தொங்கட்டும்."

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அப்படிச் சொன்னதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

குழாயடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். குடம் நிறையும்வரை எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் மட்டும் குடம் நிறைந்த பிறகும் நிற்பாள். சின்னாளபட்டிக்காரி. பிறந்த வீட்டில் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலைகளைப் படமெடுத்து வெளியூர்களுக்கு அனுப்பி விற்பாள். கடை, கல்லா எல்லாம் அவளுக்கு அந்த ஒரு போன்தான்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கையில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ ஒரு பெண்ணின் படத்தை வைத்து இணையத்தில் போலிக் கணக்கு தொடங்கி ஆபாசமாக எழுதியிருக்கிறார்கள். அது என் இணைப்பிலிருந்து போயிருக்கிறது.

"லைன் உங்க பேர்ல இருக்கு சார். முதல்ல உங்களத்தான் கேக்கணும்."

கேட்டதில் தவறே இல்லை. ஆனால் வாசலில் ஜீப் நிற்பதைத் தெருவே பார்த்தது. "தெருவுல யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்" என்றதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். "அதிகமா யாரு?" என்று அவர் கேட்டதும் எதிர்வீட்டைக் கைகாட்டினேன்.

"அந்தம்மாதான் எந்நேரமும் போனும் கையுமா நிக்கும்."

அவள் போனை வாங்கிக்கொண்டு போனார்கள். ஜீப் திரும்பியதும் அவள் என் கேட்டருகே வந்தாள்.

"ஏன் சார், நாளைக்கு இந்தத் தண்ணியக் குடிச்சு எவனுக்காச்சும் வயித்தால போனாலும் எம் பேரத்தான் சொல்லுவீகளா?"

"கேட்டாங்கம்மா, அதான்…"

"இம்புட்டுப் பேரு தண்ணி பிடிக்கிறாக. வாடகைக்கு இருக்கிறவதான் உங்க கண்ணுல பட்டாளாக்கும்!"

மறுநாள் என் போன், லேப்டாப், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"திறந்துவிட்டவன் நான். நேத்து பயத்துல கைகாட்டுனேன், எதையும் பாத்துச் சொல்லல. அப்படியே எழுதிக்குங்க. அந்தம்மா போனைக் குடுங்க, இதையெல்லாம் வச்சுக்குங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "இது என்ன பண்டமாற்றா சார்? போன் சோதனைக்குப் போயாச்சு. ஒரு பாஸ்வேர்ட் போட்டிருந்தீங்கன்னா இதெல்லாம் வந்திருக்குமா?"

"நான் வாயை மூடியிருந்தா அந்தம்மாவுக்கு வந்திருக்காது."

அந்த ஆபாசத்தை எழுதியவன் வேறு தெருக்காரன். என் சுவரோரம் பைக்கை நிறுத்தி எழுதியிருக்கிறான், பின்னர் பிடித்துவிட்டார்கள். சின்னாளபட்டிக்காரியின் போன் தீபாவளி முடிந்துதான் திரும்பி வந்தது. சேலைக்கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

போலீஸ் சொன்னபடி கடவுச்சொல் போட்டேன். அதை அப்படியே குழாய்க்கு மேலே சுவரில் பெயின்ட்டால் எழுதியும் வைத்தேன். அவ்வழியே போன சப்-இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தினார்.

"இது பாஸ்வேர்டா, போஸ்டரா சார்?"

"லைன் என் பேர்லதான் இருக்கு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்து பதில் சொல்றேன். அடுத்தவங்க பேரு மட்டும் என் வாயில வராது."

அவள் இப்போதும் தண்ணீருக்கு வருகிறாள். சுவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். சேலைப் படங்களைத் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று, காசு போட்டு வாங்கிய டேட்டாவில் அனுப்புகிறாள். நான் எழுத்தை அழிக்கவில்லை.