அடுப்பிலிருந்து அள்ளிய தணல்

பிரசவம் முடிந்து மகள் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதென்று முடிவானதும், மனைவி விறகடுப்பு வேண்டும் என்றாள். பிள்ளை பெற்றவள் குளிக்கும் தண்ணீரில் இலை போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். விறகில் கொதித்தால்தான் உடம்புக்கு ஆகும் என்பது அவள் கட்சி. மகளுக்கோ சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. பின்புறச் சமையலறைக்கு மூன்று பக்கமும் சுவர், மேலே தகரக் கூரை. புகை போக வழியில்லை.

பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டேன். முதலில் பார்த்தது டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பு. தொட்ட இடமெல்லாம் சுட்டது. சூட்டில் பாதி வீணாக வெளியே போனது. அடுத்தது மெல்லிய தகட்டு அடுப்பு.

"வீட்டுக்குள்ளயே வைக்கலாம் அங்கிள், புகையே வராது லா," என்றார் கடைக்காரர்.

"புகைபோக்கி எங்க?"

"புகை வராத அடுப்புக்கு அது எதுக்கு அங்கிள்?"

கடைசியில் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் செய்யச் சொன்னேன். உள்ளே சூடு தாங்கும் தீச்செங்கல், வெளியே கனமான இரும்பு. கொஞ்சம் விறகிலேயே தண்ணீர் கொதித்தது. புகைக்குழாய் கூரையைத் துளைத்து உயரே போனது. தரை ஓடு வெடிக்காமலிருக்க அடியில் சிமெண்டுப் பலகை போட்டோம். நன்றாகக் காய்ந்த ரப்பர் மரக் கட்டை மட்டுமே எரிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். மகள் வந்த பிறகு அவள் அறையில் புகை வாடையே இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு மழைநாளில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பினேன். மனைவி கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் தூங்குறாங்க. கதவத் தொறக்காதீங்க, காத்து படும். பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டினேன்."

"எதுல காட்டின?"

"சட்டியிலதான். புகையெல்லாம் அப்பவே போயிடுச்சு. குளிரா இருக்கேன்னு அடுப்பில இருந்த தணலையும் அள்ளிப் போட்டு உள்ளயே வச்சிருக்கேன்."

மூடிய அறை, எரியும் கரி, கண்ணுக்குத் தெரியாத விஷவாயு, தூக்கத்திலேயே இறந்தவர்கள். அப்படிப்பட்ட செய்திகளை அலுவலகத்தில் நான் சுருக்கி எழுதியிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். புகை இல்லை. ஜன்னல் இடுக்கில் துணி செருகியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. கட்டிலருகே சட்டியில் தணல் சிவந்து கிடந்தது. மகளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்தது, பார்வை நிலைக்கவில்லை.

"பச்ச உடம்புக்காரி, என்ன செய்றீங்க?" என்று பின்னாலேயே வந்தாள் மனைவி.

குழந்தையைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன். "வெளிய போ. நனைஞ்சாலும் பரவால்ல."

அத்தனை சத்தத்திலும் குழந்தை விழிக்கவில்லை. அதைக் கண்டதும் அவள் ஒன்றும் கேட்காமல் ஓடினாள்.

மகளைத் தாங்கி வாசலில் கார் நிற்கும் இடம்வரை கொண்டுவந்தேன். அங்கே அவள் வாந்தி எடுத்தாள். "தல வெடிக்குதுப்பா," என்றாள். சாரல் எங்கள் எல்லோர் மேலும் அடித்தது. மனைவி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். கால் அசையவில்லை. மறுபடியும் சுண்டினாள். குழந்தை முனகியது, சற்றுப் பொறுத்து அழுதது. அந்த அழுகை ஓயும் முன் காரைக் கிளப்பினேன்.

மருத்துவமனையில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். என்ன அடுப்பு என்று டாக்டர் கேட்டார். தீச்செங்கல், குழாய் என்று நான் ஆரம்பித்தேன்.

மனைவி குறுக்கிட்டாள். "அடுப்பு நல்ல அடுப்புதான் டாக்டர். தணல ரூமுக்குக் கொண்டு போனது நான். ஜன்னல அடைச்சதும் நான்தான்."

இருவரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகே அவள் உட்கார்ந்தாள். வார்டில் மகளின் கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி வேகமாகச் சுழன்றது. பிள்ளை பெற்றவள் மேல் காற்று நேராக விழுந்தது. மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"குறைக்கட்டுமா ஆன்டி?" என்றாள் நர்ஸ்.

"வேணாம்மா. ஓடட்டும்."